காடு கொன்றதா?

கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் பெருங்கூட்டத்தில், நோய் தீர வேண்டி நேர்த்தி வைத்து வருவோர் பலர். மதபேதமின்றி வரும் அம்மக்களின் நம்பிக்கையை இகழ்வது நமது நோக்கமன்று. ஆனால், வைத்தியம் எட்டும் தூரத்தில் இருக்க நேர்த்தி வைப்பது வேறு. நேர்த்தியன்றி வேறு கதியற்று நிற்பது வேறு. இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்தும் நாவல் ஒன்று உண்டு.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப், இங்கிலாந்து திரும்பி 1913இல் வெளியிட்ட 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்பதே அது. பெத்தகம என்னும் காட்டுக் கிராமத்தைப் பசியும் காய்ச்சலும் அரிக்கின்றன. அங்கே வைத்தியன் புஞ்சிராளை, மந்திரவாதியும் அவனே. சிலிந்துவின் மகள் ஹின்னிஹாமியை அவன் கேட்கிறான். தந்தை மறுக்கிறான், சாபத்துக்கு ஆளாகி நோயில் விழுகிறான். தலயாத்திரையும் அவனை மீட்கவில்லை. இறுதியில் தந்தையின் உயிருக்காக மகள் அவ்வைத்தியனின் வீடு செல்கிறாள். நோய்க்குக் காரணம் சொல்லும் அதிகாரம் ஒருவனிடம் மட்டுமே இருந்தால், அவன் கேட்கும் விலையைக் கொடுத்தே தீரவேண்டும். இந்த உண்மையை இத்துணைத் துணிவாகச் சொன்ன நாவல்கள் அரியன.

எனினும் குறை ஒன்றுண்டு. கிராமத் தலைவனின் கொடுமையையும் கடன்காரனின் சுரண்டலையும் காட்டிய ஆசிரியர், முடிவில் எல்லாவற்றையும் காட்டிடமே ஒப்படைத்துவிடுகிறார். காடு விதியாகிறது. வாசகன் பெருமூச்சு விடுகிறான், சினங்கொள்கிறானில்லை.

காய்ச்சல் விதியன்று என்பதை வரலாறு காட்டியது. 1934இல் மழை பொய்த்தது, ஆறுகள் குட்டைகளாயின, நுளம்பு பெருகியது. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலைப் பகுதியில் மருந்தும் உணவும் சுமந்து வீடு வீடாகச் சென்ற சூரியமல் இயக்கத்தாருள் என். எம். பெரேராவும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் இருந்தனர். நோயை அறிவதென்றால் குருதியில் கிருமியைக் காண்பது மட்டுமன்று, அணைந்து கிடக்கும் அடுப்பையும் காண்பதே என அவர்கள் உணர்ந்தனர். பின்னாளில் நடமாடும் மருத்துவ நிலையங்கள் குருதிப் பரிசோதனையைக் கிராமங்களுக்கே கொண்டு சென்றன. 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

வேலை முடிந்ததா? இல்லை. 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே இனங்காணப்பட்ட சிறுநீரக நோய், அறிகுறி தெரியுமுன்பே உறுப்பைக் கெடுத்துவிடுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. ஆனால் பஸ் கட்டணமும் ஒரு நாட் கூலியும் நோயாளியின் தலையிலேயே விழுகின்றன. உடம்பு நன்றாயிருக்கையில் கூலியை இழந்து பரிசோதனைக்குப் போகிறவர் யார்? பரிசோதனைதான் அவர் வாசலுக்கு வரவேண்டும்.

இதை எழுத வேண்டிய நாவலாசிரியன், காடு கொன்றது என்று கதையை முடிக்கலாகாது. பரிசோதனை ஏன் வந்து சேரவில்லை என்று அவன் கேட்கட்டும்.