மணியாச்சி ஜங்ஷன்

ஊர் சின்னது, ஸ்டேஷன்தான் பெரிது. சுற்றிலும் கரிசல் காடும் உடைமரங்களும். 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தது. திருநெல்வேலிக் கிளை இங்கே பிரிந்தது. அன்று முதல் இந்த ஸ்டேஷனின் வேலை, ஒரு ரயிலில் வந்தவரை இன்னொரு ரயிலுக்காக உட்கார வைப்பது.

1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆஷும் மனைவியும் அப்படித்தான் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார்கள். கொடைக்கானல் போக, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலைப் பிடிக்க வேண்டும். செங்கோட்டை வாஞ்சிநாதன் நெருங்கி வந்து ஆஷைச் சுட்டார். பிளாட்பாரக் கழிவறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். இணைப்பு ரயிலுக்கான அந்தக் காத்திருப்பு இல்லாதிருந்தால் இது வேறெங்காவதுதான் நடந்திருக்கும். ஜங்ஷனின் சுபாவமே இங்கே சரித்திரத்துக்கு இடம் கொடுத்தது என்பேன்.

பெயர்ப்பலகையில் இப்போது ‘வாஞ்சி மணியாச்சி’. மஞ்சள் பலகையில் மூன்று மொழியிலும் கறுப்பில் கொட்டையாக எழுதிய அந்தப் பெயரை, ரயில் வேகம் குறையும்போது ஜன்னலோரம் எட்டிப் பார்த்துப் படிக்க எனக்கு அலுப்பதே இல்லை. பாதை அகலமாகிவிட்டது, வேலை மாறவில்லை. சென்னையிலிருந்து வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இங்கிருந்துதான் தூத்துக்குடிப் பக்கம் திரும்புகிறது.