கை எங்கே நிற்க வேண்டும்?

சுன்னாகம் சந்தையில் விடியற்காலையில் வெங்காய மூட்டை தூக்குபவருக்கும், செம்மண் தறையில் குனிந்து நின்று பாத்தி கட்டுபவருக்கும், காங்கேசன்துறை வீதிக் கடையொன்றில் நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவருக்கும் பொதுவான வருத்தம் ஒன்று உண்டு: நாரி நோ. அதற்கு அவர்கள் தேடிப் போகும் இடங்கள்தான் வேறு. ஒருவர் பரம்பரைப் பரியாரியிடம் எண்ணெய் பூசி உருவிக்கொள்கிறார். ஒருவர் கைதடிச் சித்த வைத்தியசாலைக்குப் போகிறார். இன்னொருவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் துண்டு எடுத்துக் காத்திருக்கிறார். கையில் காசு புழங்குபவர் நகரத்து விடுதி ஒன்றின் ஸ்பாவில் முன்பதிவு செய்கிறார்.

நான்கு இடத்திலும் நடப்பதன் அடிப்படை ஒன்றே: ஒரு கை இன்னோர் உடலை அழுத்துகிறது, நீவுகிறது, இழுக்கிறது, அசைக்கிறது. ஆனால் இதைப் பற்றிய நமது பேச்சு, "பழசா, புதுசா" என்ற வழக்காகவே முடிந்துவிடுகிறது. நம் முன்னோர் அறியாததா என்று ஒரு கட்சி; ஆதாரம் எங்கே என்று மறு கட்சி. இந்த வழக்கில் தீர்ப்பு கிடைக்காது. எந்த மரபைச் சேர்ந்த கை என்பதை விட்டுவிட்டு, அந்தக் கை எதைச் செய்து தருவதாகச் சொல்கிறது என்று கேட்டால் விஷயம் தெளிவாகும். நோவைத் தணிப்பது முதற்படி. முறிந்ததை, பிசகியதை, இறுகியதைச் சீர்செய்வது இரண்டாம் படி. நோயைக் குணமாக்குவது மூன்றாம் படி. முதற்படியில் எல்லாக் கைகளுக்கும் ஓரளவு வலு உண்டு. இரண்டாம் படியில் சிலவற்றுக்கு மட்டும் உண்டு. மூன்றாம் படியில் ஏறக்குறைய எதற்கும் இல்லை. ஆபத்தெல்லாம், படி மாறியது தெரியாமல் கை தொடர்ந்து வேலை செய்யும்போதுதான் வருகிறது.

முதலில் நம்மிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். சித்த மருத்துவம் புறமருத்துவத்தை 32 வகையாகப் பிரிக்கிறது. பற்று, ஒற்றடம், வேது, கட்டு என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்று தொக்கணம். தொக்கணம் தானும் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். மேற்கே 'சுவீடிஷ் மசாஜ்' என்று விற்கப்படும் முறையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் யோகான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர். நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்த்தல் என்பவையே அதன் அடிப்படைகள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால், தொடர்பே இல்லாத இரண்டு ஊர்கள் தசையிடமிருந்து ஒரே பாடத்தைக் கற்றிருப்பது தெரிகிறது. கேரளத்தின் உழிச்சிலும் கிழியும், 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறிய தாய்லாந்து மசாஜும், யப்பானின் ஷியாட்சுவும் அதே பாடத்தின் வேறு பாடபேதங்கள்.

ஏட்டறிவிலும் சுன்னாகம் அடங்கிய வலிகாமம் குறைந்ததல்ல. யாழ்ப்பாண அரசர் காலத்து மருத்துவத் தொகுப்பான பரராசசேகரத்தை, சுன்னாகத்துக்கு அயலூரான ஏழாலையின் ஐ. பொன்னையபிள்ளை 1930களை ஒட்டிய ஆண்டுகளில் பகுதி பகுதியாக அச்சேற்றினார். வாத நோய்கள் அதில் தனிப் பகுதியாகவே வருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் படிப்பு 1984இல் தொடங்கியது. ஆக, இங்கே எண்ணெய் பூசி உருவும் கைக்குப் பின்னால் ஒரு நூல் மரபும் இருக்கிறது, ஒரு பட்டப்படிப்பும் இருக்கிறது. எல்லாக் கைகளும் அவற்றைத் தொட்டு வந்தவையா என்பது வேறு கேள்வி.

இனி முதற்படி. நாரி நோவுக்கு மசாஜ் உதவுமா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு 2015இல் 25 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் 3,096 பேர் பங்கேற்றிருந்தனர். குறுகிய காலத்துக்கு நோ குறைகிறது, ஆனால் இந்த ஆதாரத்தில் வைக்கக்கூடிய நம்பிக்கை மிகக் குறைவு என்பதே அதன் முடிவு. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டலோ, புதிதாக வந்த நாரி நோவுக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு, மசாஜ் போன்றவற்றை முயலச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. புதிய நாரி நோ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். அந்த வாரங்களை இரைப்பையைப் புண்ணாக்கும் நோ மாத்திரை இல்லாமல் கடத்த எண்ணெயும் ஒற்றடமும் உதவினால் அது சிறிய நன்மையல்ல. ஆனால் தானாக மாறியதற்கான பெயர் கடைசியாகத் தொட்ட கைக்குப் போய்விடுகிறது. "மூன்று தரம் உருவினார், நோ பறந்துவிட்டது" என்று ஊர் சொல்லும் கதைகளில் பாதி காலத்துக்கு உரியது.

தொடுகைக்கு வேறொரு பலமும் உண்டு. அதை ஆய்வுகள் எண்ணிக் காட்டுவது கடினம். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். பரியாரி அரை மணித்தியாலம் தொட்டுக்கொண்டே கதை கேட்கிறார். எங்கே நோகுது, எப்போது தொடங்கியது, என்ன வேலை என்று விசாரிக்கிறார். போரும் இடப்பெயர்வும் கண்ட, பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட வீடுகளில் தனித்திருக்கும் வயோதிபருக்கு அந்த அரை மணித்தியாலம் தானே ஒரு மருந்து. இயன்மருத்துவத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பலம் அது கற்றுத்தரும் பயிற்சிகளில் இருக்கிறது. மெழுகுச் சூடும், ஒலியலைக் கருவியும் பல வேளைகளில் ஒற்றடத்தை விடப் பெரிதாக எதையும் செய்வதில்லை. மின்சாரத்தில் ஓடுகிறது என்பதற்காக ஒன்று விஞ்ஞானம் ஆகிவிடாது. பயிற்சியை வீட்டில் செய்யாமல் கருவிக்காக மட்டும் வரிசையில் நிற்பவர், எண்ணெய்க்காக மட்டும் போகிறவரின் நிலையிலேயே இருக்கிறார்.

இரண்டாம் படியில் வருவது முறிவு நெரிவு வைத்தியம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிடுபவர்கள் வரலாற்றைப் படிக்க வேண்டும். பிரித்தானிய என்பியல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891), வேல்சைச் சேர்ந்த பரம்பரை முறிவு வைத்தியக் குடும்பத்தின் பிள்ளை. தகப்பன் ஈவான் தோமஸ் பட்டம் இல்லாத முறிவு வைத்தியர். மகன் மருத்துவம் படித்து, குடும்பக் கைப்பழக்கத்தை உடற்கூற்றியலோடு சேர்த்தார். அவர் உருவாக்கிய தொடைக் கட்டு முதலாம் உலகப் போரில் பரவலாகப் பயன்பட்டது. 1960களில் அமெரிக்காவில் ஓகஸ்டோ சார்மியெந்தோ, முறிந்த காலை முழுதாகப் பூட்டி வைக்காமல் மூட்டை அசையவிட்டே பொருத்தலாம் என்று காட்டினார். மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, சில நாளுக்கொருமுறை அவிழ்த்து, எண்ணெய் விட்டு, மூட்டை மெல்ல அசைத்துப் பார்க்கும் நம்மூர் முறைக்கு அது தூரமானதல்ல.

ஆனால் இங்கும் காலம் ஏமாற்றுகிறது. காறை எலும்பும் விலா எலும்பும் பெரும்பாலும் யார் பார்த்தாலும் பொருந்தும். அந்த வெற்றிகளை நம்பி, முழங்கை மூட்டருகே எலும்பு முறிந்த குழந்தையைக் கொண்டுபோவதுதான் பிழை. அடிபட்ட முழங்கையை உருவினால் தசைக்குள் சுண்ணாம்பு படிந்து மூட்டு இறுகிவிடக்கூடும் என்பது மருத்துவ மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கும் பாடம். கட்டு இறுகிக் குருதியோட்டம் நின்றால் சில மணித்தியாலங்களிலேயே தசை இறக்கத் தொடங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப் போகும். விரல் விறைக்கிறது, நீலம் பாய்கிறது, நீட்டினால் உயிர் போகிறது என்று பிள்ளை அழுதால் அந்தக் கட்டை உடனே அவிழ்த்து வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும், வயதானவர் விழுந்து காலை ஊன்ற முடியாமல் கிடந்தாலும் எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. நல்ல பரியாரி எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார். எக்ஸ்ரேயை அவமானமாக நினைப்பவரிடம் கையை நீட்டக் கூடாது.

மூன்றாம் படிக்கு மிகக் கசப்பான உதாரணம் பாரிசவாதம். கை கால் இழுத்து, வாய் கோணினால், "வாதம்" என்ற பெயரே நம்மை எண்ணெயின் பக்கம் திருப்பிவிடுகிறது. உண்மையில் அது மூளையில் நடக்கும் விபத்து. குருதி உறைவால் வந்ததாயின், அதைக் கரைக்கும் மருந்தை ஏறக்குறைய நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் நல்ல எண்ணெய் தேடுவது, அந்தக் காலையும் கையையும் என்றென்றைக்குமாக விட்டுக்கொடுப்பதற்குச் சமம். ஆபத்துக் கட்டம் கடந்தபின் நிலை வேறு. இறுகும் தசையைத் தளர்த்தவும், மூட்டு உறைந்துபோகாமல் காக்கவும் தேர்ந்த கை தேவை. அப்போதும் சோர்ந்த தோளை அக்குளில் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்று, புதிய நோவொன்று சேரும். எனவே ஒரே நோயில் ஒரே கை முதல் நாள் தீங்கு, மூன்றாம் வாரம் உதவி.

வீட்டுக்குள் நடக்கும் கைவேலையையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் பூசி உருவுவது நல்ல வழக்கம். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது வைத்தியசாலைத் தொற்றுகள் குறைந்ததை 2005இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், தலையை உருட்டி வடிவமாக்குவதும் அந்த நன்மையோடு ஒட்டிக்கொண்ட தீங்குகள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நியூமோனியாவைத் தரலாம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில வாரம் தாயின் கால் நாளங்களில் குருதி உறையும் வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி நோகும்போது அதை அழுத்தி உருவினால் உறைவு பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். நீரிழிவால் பாதம் மரத்தவருக்கு ஒற்றடச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகே வீட்டார் காண்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்தவை மட்டும் கேள்விக்கு அப்பாற்பட்டவையா? இல்லை. உள்ளங்காலில் ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி உண்டென்று படம் மாட்டியிருக்கும் 'ரிஃப்ளெக்சாலஜி', வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கர் 1917இல் வெளியிட்ட ஒரு கொள்கையிலிருந்து வளர்ந்தது. பாதத்தை அழுத்தினால் சுகமாக இருக்கும் என்பது உண்மை. ஈரல் சுத்தமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கழுத்தைச் சட்டென்று முறுக்கிச் சொடக்கெடுப்பது, அரிதாகவே ஆனாலும், மூளைக்குப் போகும் நாடியைக் கிழித்திருக்கிறது; கைரோபிரக்டிக் நிபுணர் செய்தாலும் முடி வெட்டும் கடையில் செய்தாலும் ஆபத்து ஒன்றே. மசாஜ் உடலின் 'நச்சுகளை' வெளியேற்றும் என்ற ஸ்பா விளம்பரமும் வெறும் வாக்குத்தான். அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்துவருகின்றன. இந்த இடத்தில் நம் பழைய நூல்கள் விளம்பரக்காரரை விட நேர்மையானவை. எண்ணெய் தேய்ப்பைப் புகழும் அஷ்டாங்க ஹிருதயமே, கபம் மிகுந்தவருக்கும் செரியாமை உள்ளவருக்கும் அது ஆகாது என்று விலக்குகிறது. எல்லையைச் சொல்வது மரபுக்கு எதிரானதல்ல, அதுவே மரபு.

அப்படியானால் குறை எங்கே? என் கணிப்பில் அது கையில் இல்லை, கைகளுக்கு இடையில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் உள்ளடக்கி வைத்தியரைப் பதிவு செய்கிறது. ஆனால் பரியாரி என்ன கண்டார், என்ன செய்தார், எப்போது வைத்தியசாலைக்கு அனுப்பினார் என்று ஒரு கடதாசித் துண்டு நோயாளியோடு போவதில்லை. வைத்தியசாலையில், "எண்ணெய் பூசினேன்" என்றால் ஏச்சு விழும் என்று நோயாளி மறைக்கிறார். மறைத்ததால் மருத்துவருக்குக் காரணம் தெரிவதில்லை; பரியாரிக்குத் தன் பிழை தெரிவதில்லை. வெற்றி மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறது. தோல்வி வேறு வாசலால் போய்விடுகிறது. பிழையைக் காணாத கைக்குத் திருந்த வழியில்லை. கைப்பழக்கம் படிப்போடு சேர்ந்து தன்னைத் திருத்திக்கொள்வதுதான் தோமஸ் குடும்பத்தில் நடந்தது, இங்கே நடக்காதது.

வழி இருக்கிறது என்பதற்கு நம்மவர்களே சாட்சி. இங்கிருந்து போய்க் கனடாவின் ஸ்காபரோவில் குடியேறியவர்கள் மசாஜுக்குப் போனால், 1991ஆம் ஆண்டின் ஒன்டாரியோ மசாஜ் சிகிச்சைச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற ஒருவரிடமே பெரும்பாலும் போகிறார்கள். அவர் முதலில் நோய் வரலாற்றைக் கேட்டு எழுதுகிறார், சம்மதம் பெறுகிறார், ஒவ்வொரு வருகைக்கும் குறிப்பு வைக்கிறார். முறைப்பாடு செய்ய ஒரு சபை இருக்கிறது. அங்கே ஒழுங்கு என்று ஏற்றுக்கொள்ளும் அதே குடும்பம், ஊருக்கு வந்தால் "கைராசி" ஒன்றையே சான்றிதழாகக் கொள்கிறது. ஸ்பா தொழிலிலோ நிலைமை இன்னும் மோசம். அதைத் தேடிவரும் சட்டம் பல வேளைகளில் 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமாக இருக்கிறது. தரத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் ஒழுக்கத்தைக் கேட்பதால், திறமையாக வேலை செய்யும் பெண்களே சந்தேகத்தைச் சுமக்கிறார்கள்.

ஆகவே தீர்ப்பு இது: தணிப்பதற்குக் கையை நம்பலாம், பொருத்துவதற்கு எக்ஸ்ரேயோடு நம்பலாம், குணமாக்குவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். கைதடியில் சித்த மருத்துவம் படித்தவர்கள், பரம்பரையில் வந்தவர்கள், போதனா வைத்தியசாலையின் இயன்மருத்துவர்கள் ஆகிய மூன்று தரப்பாரும் ஒரே பக்கத்தில் அடங்கும் அனுப்புதல் துண்டு ஒன்றை ஏற்றுக்கொண்டால் போதும். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். அதுவரை நோயாளியின் கையில் இருப்பது ஒரேயொரு கேள்வி. படுக்கையில் சரிவதற்கு முன், "எந்த வருத்தத்தை நீங்கள் தொட மாட்டீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். பட்டியல் சொல்லத் தெரிந்தவரிடம் முதுகைக் காட்டலாம். "எல்லாம் பார்ப்பேன்" என்பவரிடமிருந்து முதுகைத் திருப்பிக்கொண்டு வெளியே வருவதே நல்லது.