விதிவிலக்கு என்ற பட்டம்

ஆர்கெஸ்ட்ரா நடத்துவதன் சாரம் பலம், பெண்ணின் சாரம் பலவீனம் என்று 2012இல் ஒரு நேர்காணலில் சொன்னார் யூரி தெமிர்கானோவ். அப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநராக இருந்தவர். பெரிய கலைஞர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பள்ளிச் சிறுவராக இருந்த 1947இலேயே, மாஸ்கோ அரசு சிம்பொனி இசைக்குழுவின் முன்னால் கையில் கோலுடன் நின்றுவிட்டார் வெரோனிகா துதரோவா.

பாகுவில் 1916இல் பிறந்த ஒசேத்தியப் பெண். பியானோவில் தொடங்கி, மாஸ்கோ கன்சர்வேட்டரியில் இசைக்குழு நடத்தப் பயின்றவர். 1960 முதல் 1989 வரை அந்தக் குழுவின் தலைமை அவரிடம்தான் இருந்தது. தெமிர்கானோவுக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. தெரிந்தேதான் சொன்னார். துதரோவாவை ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்கிவைத்துவிட்டால் விதிக்குச் சேதமில்லையே!

பாராட்டியவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள். 1977இல் சோவியத் யூனியனின் மக்கள் கலைஞர் பட்டம் வந்தது. பெரிய இசைக்குழுக்களை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய பெண் என்று கின்னஸ் பதிந்துகொண்டது. ஒரு சிறுகோளுக்குக்கூட அவர் பெயர். ஆண்டுகளை எண்ணியவர்கள் இசையைக் கேட்டார்களா? 1991இல், மற்றவர்கள் ஓய்ந்து உட்காரும் வயதில், ரஷ்ய சிம்பொனி இசைக்குழுவைப் புதிதாகத் தொடங்கினார். சோவியத் நாடே கலைந்துபோன வருஷம் அது.

மியாஸ்கோவ்ஸ்கியின் 11ஆம் சிம்பொனியை துதரோவா பதிவுசெய்திருக்கிறார். அதிகம் பேர் தொடாத படைப்பு. தெமிர்கானோவின் சைக்கோவ்ஸ்கிக்குக் காட்டுகிற நுணுக்கத்தோடு அந்தப் பதிவைப் பற்றி யாராவது எழுதினால், வாசிக்கக் காத்திருக்கிறேன்.