செயலியும் செவியும்

ஒரு நூலைத் திறனாய்வு செய்வோர் மூன்று கேள்விகளைக் கேட்பது மரபு. அது யாரிடம் பேசுகின்றது? எம்மொழியில் பேசுகின்றது? படித்து முடித்தவரை எங்கே கொண்டு சேர்க்கின்றது? இன்று நம் பிள்ளைகளின் சட்டைப் பையில் இருக்கும் மனநலச் செயலிகளும் ஒருவகை நூல்களே. அவற்றுக்கு ஏடுகள் இல்லை. எனினும் சொற்கள் உண்டு. ஆசிரியரின் முகம் தெரியாது. எனினும் அவருடைய கருத்து உண்டு. ஆகவே கவிதையையும் வரலாற்றையும் எடைபோடும் இப்பக்கங்களில் அவற்றையும் எடைபோடுவது பொருந்தும் என்றே கருதுகின்றோம்.

நாம் வாழ்வது பெரியபாளையத்தில். ஆடி மாதத்தில் பவானியம்மன் கோவிலுக்கு வரும் பெருங்கூட்டத்தை நீக்கிப் பார்த்தால், இவ்வூர் இளைஞர் பலரின் நாளைத் தீர்மானிப்பவை கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளே. மாலையில் பேருந்தேறிக் காலையில் கண் சிவந்து இறங்குவோர் பலர். அவர்களுள் ஒருவர், சிறுவயதில் நம்மிடம் மக்தபில் ஓதியவர், ஒருநாள் மஃரிபுக்குப் பின் வந்து அமர்ந்தார்.

"ஹஜ்ரத், தூக்கமே வர்றதில்ல. மனசு என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

"தொழுகையைப் பேணுங்க தம்பி. திக்ரை அதிகமாக்குங்க" என்றோம், ஓதி ஊதி அனுப்பினோம். சொன்னதில் பிழையில்லை. ஆனால் எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை; என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. அவர் பேசிய நேரத்தினும் நாம் பேசிய நேரமே மிகுதி. சில மாதங்கள் அவர் வரவில்லை. பின்னர் ஒருநாள் கைப்பேசியை நீட்டி, "இப்ப இதுகிட்டதான் பேசுறேன் ஹஜ்ரத். இது கேக்குது" என்றார்.

அந்தச் சொற்கள் நம்மைச் சுட்டன. அன்றே அச்செயலியை நம் கைப்பேசியிலும் ஏற்றி, நாற்பது நாள் ஒரு நூலை ஓதுவதுபோல் ஓதினோம். அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் நீதியாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இச்செயலிகள் வெறும் பொழுதுபோக்காய்ப் பிறந்தவை அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. நோய்க்கேற்ப, அவதியுறுவோரில் 100க்கு 70 முதல் 92 பேர்வரை உரிய சிகிச்சை பெறவில்லை. மனநல மருத்துவர்களோ இலட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை. இவ்வளவு பெரிய பள்ளத்தில் ஒரு பலகையேனும் போடப்படுகின்றது என்றால் அதனை எள்ளி நகையாடல் தகாது. பெங்களூரில் உருவான வைசா போன்றவை பெயர் சொல்லாமலே பேச இடந்தருகின்றன. 'பைத்தியம்' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் நம் இல்லங்களில் அந்த மறைவு ஓர் அருட்கொடையே.

இனி மொழியைப் பார்ப்போம். நாம் ஓதிய செயலி காலைதோறும் ஐந்து முகங்களைக் காட்டி அவற்றுள் ஒன்றைத் தேரச் சொல்லிற்று. அதன் தமிழில் எழுத்துப்பிழை அதிகமில்லை, உயிர்தான் இல்லை. நம் மக்கள் கவலையைக் கவலை என்று சொல்வது அரிது. "நெஞ்சு படபடங்குது" என்பார்கள்; "சோறு இறங்கல" என்பார்கள்; "வயித்தைப் பிசையுது" என்பார்கள். இவற்றை எழுதிப் பார்த்தோம். செயலி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிற்று! துன்பம் தன் தாய்மொழியில் பேசும்போது புரிந்துகொள்ளாத செவி, பாதிச் செவியே.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. எல்லாத் துன்பமும் உள்ளத்துக்குள்ளேயே பிறப்பதாக அது கொள்கின்றது. இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்றவர் பகலில் தகரக் கூரையின்கீழ் உறங்க முயல்கின்றார். தமக்கையின் திருமணக் கடன் தலைமாட்டில் நிற்கின்றது. அவரிடம், மூச்சை எண்ணி விடுங்கள் என்கின்றது செயலி. மூச்சை நிதானமாக விட்டால் படபடப்புத் தணியும், அது மெய். ஆனால் தகரம் குளிர்ந்துவிடுமா? கடன் அடைந்துவிடுமா? உறக்கத்தைப் பறித்தது ஷிப்டு எனில், திருத்த வேண்டியது மூச்சை மட்டுமா?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வேறுபாட்டை உணர்ந்த ஓர் அறிஞர் நம்மிடையே இருந்தார். கி.பி. 934ல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி அவர்களே அவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற அன்னாரின் அரபு நூல், உடலின் நலத்தை ஒரு பகுதியிலும் உள்ளத்தின் நலத்தை மறு பகுதியிலும் ஆராய்கின்றது. உடலை மட்டும் கவனித்து உள்ளத்தை விட்டுவிடும் மருத்துவர்களை அன்னார் குறை கூறினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத தீய எண்ணம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துரைத்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாத துயரம் வேறு என்று பகுத்தார். உள்ளம் அமைதியாக இருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும், அவசரத்துக்கென்று வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, என்பது அன்னாரின் யோசனை. சூடானைச் சேர்ந்த உளவியலறிஞர் மாலிக் பத்ரி இவ்வுள்ளப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013ல் வெளியிட்டார். செயலிகள் இன்று தரும் பயிற்சிகள் சிலவற்றின் வேர் அந்நூலில் இருப்பதைக் கண்டு வியந்தோம். ஆயினும் பல்கி முதலில் காரணத்தைத் தேடினார். செயலி முதலில் பயிற்சியைத் தருகின்றது.

மூன்றாவது, அமானிதம் பற்றியது. ஒருவர் நம்மிடம் இரகசியமாய்ச் சொன்னது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். பிறருக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. செயலிகள் இதனைப் பேணுகின்றனவா? அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்ற ஆலோசனை நிறுவனம், தன்னை நம்பியோரின் மனநலச் செய்திகளை விளம்பரத்துக்காக முகநூல் முதலானவற்றுக்கு அளித்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் 2023ல் குற்றஞ்சாட்டியது. அவ்வழக்கு 78 இலட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது. நமக்கு இன்னும் அண்மையதொன்றும் உண்டு. தொழுகை நேரம் காட்டும் முஸ்லிம் புரோ செயலியிலிருந்து பயனாளர் இருப்பிடச் செய்திகள் ஒரு தரகு நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் வரிசையில் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் பத்திரிகைகள் வெளியிட்டன. அச்செயலியார் அத்தொடர்பை உடனே முறித்துக்கொண்டதாக அறிவித்தனர். கிப்லா காட்டும் கருவிக்கே இந்நிலை என்றால், நெஞ்சைத் திறந்து காட்டும் கருவியிடம் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

இயந்திரத்திடம் மனிதன் நெஞ்சைத் திறப்பது புதிதன்று. 1966ல் ஜோசப் வெய்சன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 'எலிசா' என்னும் கணினி நிரலை வெளியிட்டார். சொன்னதையே சிறிது மாற்றிக் கேள்வியாய்த் திருப்பிக் கேட்பது மட்டுமே அதன் திறம். அது உருவான விதத்தைக் கூட இருந்து பார்த்த அவருடைய செயலாளரே அதனோடு சிறிது பேசிவிட்டு, தம்மைத் தனியே விடுமாறு அவரைக் கேட்டாராம். மனிதனுக்குக் கேட்கும் செவியின்மேல் அவ்வளவு தாகம். ஆனால் இயந்திரத் தோழமைக்கு ஆயுள் உறுதியில்லை. பல நாடுகளில் புகழ்பெற்ற 'வோபாட்' என்ற உரையாடும் செயலி 2025 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. அதனிடம் நாள்தோறும் பேசியவர்கள் மறுநாள் யாரிடம் பேசினார்களோ!

இவ்வளவும் சொன்ன பின்னர், நம் இளைஞரிடம் மீள வேண்டும். ஓர் இரவு அவர் தம் உயிரைப் பற்றியே கடுமையான சொல்லொன்றை அச்செயலியில் எழுதினார். அது தன் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, 14416 என்ற எண்ணை முன்வைத்தது. 2022 அக்டோபர் 10ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். 2024 முதல் அதற்கே ஒரு செயலியும் உண்டு. அவர் அழைத்தார். எதிர்முனையில் தமிழ் பேசும் ஒரு மனிதக் குரல் கேட்டது. அக்குரல் எப்போதிலிருந்து என்று கேட்டதாம். நாம் கேட்க மறந்த அதே கேள்வி! அவ்வழியே அரசு மருத்துவமனைக்குச் சென்றார். மருந்தும் ஆலோசனையும் பெற்றார். மருத்துவரின் சீட்டைக் காட்டிப் பகல் ஷிப்டுக்கு மாறினார். இப்போது உறங்குகின்றார்.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான். செயலி ஒரு நல்ல குறிப்பேடு. ஒரு நல்ல வாசற்கதவு. அதனை வீடென்று எண்ணிவிடலாகாது. எந்தச் செயலியையும் ஏற்றுமுன் அதனை நடத்துவோர் யார், நாம் எழுதுவது எங்கே போகின்றது, நெருக்கடியில் மனிதரிடம் சேர்க்கின்றதா என்று பார்த்துக்கொள்க. தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் மறுத்துவிடுக.

ஆயினும் செயலியின் குறைகளைப் பட்டியலிடும் நமக்கு நம் குறை மறைந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்டு 6ல் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பிடமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன என்று எண்ணியோரும், நோயுற்றவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராதோரும் நம் நாட்டில் அன்று இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். மனத்துயர் ஈமானின் குறைவன்று. யூசுபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் கண்ணொளி மங்குமளவும் அழுதார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே 'துயர ஆண்டு' என்று பெயர்பெற்ற ஓராண்டு உண்டு.

நம் பிள்ளைகள் இயந்திரத்தைத் தேடிப் போவது அது அறிவுடையது என்பதனால் அன்று. அது குறுக்கே பேசுவதில்லை என்பதனால். அந்த ஒரு பண்பையேனும் நாம் அதனிடம் கற்றுக்கொள்ளலாம். இப்போதெல்லாம் மஃரிபுக்குப் பின் யாரேனும் வந்து அமர்ந்தால், நாம் உடனே ஓதத் தொடங்குவதில்லை. "எப்ப இருந்து தம்பி?" என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருக்கின்றோம். இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரை பேசியவர்களும் உண்டு.