தவறணையில் ஒரு மேசை

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிப் பிழைப்பவர்களுக்கு மாலையில் ஆற அமர இருந்து பேச இரண்டு இடங்கள்தான் உண்டு. ஒன்று தேநீர்க் கடை, மற்றது கள்ளுத் தவறணை. சீனக்குடாவில் மா ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் வேலை முடித்தவர், தோணியைக் கரையேற்றியவர், மேசன், ஓட்டோ சாரதி என்று பலரும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகிறார்கள். தேநீர்க் கடை வாங்கில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். தவறணைக்கு முஸ்லிம்கள் வருவதில்லை. பெண்கள் வர முடியாது. ஊரில் 'மரியாதைப்பட்ட' குடும்பம் என்று பெயரெடுத்த வீட்டு ஆண்களும் இருட்டிய பிறகுதான் வருவார்கள், அல்லது ஆள் விட்டுப் போத்தலில் எடுப்பிப்பார்கள்.

ஆங்கிலக் கிராமத்துப் பப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஊரின் வரவேற்பறை என்று கொண்டாடுவதுண்டு. அந்த வரவேற்பறை இங்கே வந்து சேரவில்லை. பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபர் வரை திருகோணமலையில் தளம் வைத்திருந்தது. மாலுமிகளுக்குக் கன்டீன் இருந்தது, அதிகாரிகளுக்குக் கிளப் இருந்தது. ஊர்க்காரனுக்கு அந்த ஆட்சியிலிருந்து கிடைத்தது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம். குடியை வருமானமாகவும் குற்றமாகவும் ஒரே நேரத்தில் பார்க்கிற அந்தக் கண் இன்றும் மாறவில்லை. தவறணையின் நல்லது கெட்டதை நிறுக்க வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் நல்லது. நிலாவெளி, குச்சவெளிக் கரையோரப் பனங்கூடல்களில் சீவல் தொழில் செய்கிறவர் காலையும் மாலையும் மரம் ஏறுகிறார். தளநாரில் கால் வைத்து, இடுப்பில் கத்திக்கூட்டோடு ஏறி, பாளையை மெல்லிய வட்டமாகச் சீவி, முட்டியைக் கழற்றி இறக்குகிறார். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் வருவது கருப்பநீர். பூசாவிட்டால் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிறது. பிளாஸ்டிக் கானில் தவறணைக்கு வந்து சேரும்போது நுரை தள்ளிக்கொண்டிருக்கும். அரிதட்டில் வடித்தால் எறும்பும் தேனீயும் பாளைத் துணுக்கும் மேலே நிற்கும். முன்பு பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் குடித்தார்கள், இப்போது பிளாஸ்டிக் ஜக்கும் கோப்பையும். உடன் கள்ளு இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அதன் மதுச்சத்து பியரை ஒட்டியது, சாராயத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். அடுத்த நாளைக்கு அது தாங்காது, புளித்து வினாகிரியாகிவிடும். பதுக்க முடியாத, தூர இடத்துக்கு ஏற்ற முடியாத இந்தப் பண்டம் ஊரிலேயே இறக்கி ஊரிலேயே குடிக்கப்பட்டாக வேண்டும். கொடுத்த காசும் ஊரிலேயே நிற்கிறது.

அந்தக் காசு யாருடைய கைக்குப் போகிறது என்பதில்தான் இலங்கைத் தமிழர் ஒரு பெரிய காரியத்தைச் செய்தார்கள். 1972இல் வடக்கில் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்ற நீண்ட பெயரோடு இன்றும் அவை இயங்குகின்றன. இறக்கியவர் கள்ளைச் சங்கத்துக்கு அளந்து கொடுக்கிறார், சங்கம் தவறணையில் விற்கிறது. சாராயக் குத்தகைக்காரரும் தரகரும் நின்ற இடத்தில் தொழிலாளியே அங்கத்தவராக நின்றார். பனை அபிவிருத்திச் சபை வந்தது அதற்குப் பிறகு, 1978இல். சீவல் தொழில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்த தொழில் என்பதை மறந்தால் இந்த மாற்றத்தின் கனம் விளங்காது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுக்குள் சமமாக இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிப்பதற்காக மனிதர் அடி வாங்கவும் உயிர் கொடுக்கவும் வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் முடிந்த சில ஆண்டுகளில் கள்ளின் கணக்குப் புத்தகம் இறக்கியவர்களின் சங்கத்துக்கு வந்தது. மதுவைக் கண்டிக்கிற எவரும் இதையும் சேர்த்தே கண்டித்துவிடக் கூடாது.

ஆனால் உற்பத்தியாளனுக்கு நியாயம் செய்த அந்த ஏற்பாடு, குடிக்க வருகிறவனைப் பற்றி யோசிக்கவேயில்லை. பெரும்பாலான தவறணைகள் ஒரு தகரக் கொட்டில், நாலைந்து வாங்கு, ஒரு யன்னல், அவ்வளவுதான். கை கழுவத் தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவித்த கடலை, மிக்சர், கிடைத்தால் நெத்தலிப் பொரியல். சூரையும் பாரையும் கணவாயும் இறாலும் வந்து இறங்குகிற துறைமுகத்தில், அறக்குளா மீன் குழம்பும் மரவள்ளிக் கிழங்கும் ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கப்படுகிற ஊரில், குடிப்பவன் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றுக்குச் சண்டை பிடிக்கிறான். வெறும் வயிறு மதுவை இரத்தத்தில் வேகமாக ஏற்றுகிறது. தவறணை ஒரு தட்டுச் சோறு வைத்திருந்தால் பாதிச் சண்டை நடக்காது என்று சொல்லத் துணியலாம்.

கேரளத்துக் கள்ளு ஷாப்பை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆலப்புழை, குட்டநாடு பக்கத்து ஷாப்புகளின் புகழே கள்ளைவிடக் கறியால் வந்தது. கப்பை, குடம்புளி போட்ட மீன்கறி, கரிமீன் பொரியல், தாரா வறுவல் என்று சாப்பிடவே குடும்பமாக வருகிறார்கள், அவர்களுக்கென்று தனி அறை வைத்த ஷாப்புகளும் உண்டு. நம்முடைய தென்னையும் பனையும் அவர்களுடையதைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கைப்பக்குவமும் குறைந்ததில்லை.

ஆங்கிலப் பப்பும் பிறந்த நாளிலேயே குடும்பத்தோடு சாப்பிடும் இடமாக இருக்கவில்லை. 'உழவன் மதியச் சாப்பாடு' என்று இன்று பாரம்பரியமாகப் பேசப்படும் பாணும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும், 1950களிலும் 60களிலும் பாலாடைக்கட்டி விற்பனையைக் கூட்டுவதற்காக அத்துறை அமைப்புகள் செய்த விளம்பரத்தால் நாடெங்கும் பரவியவை. 1967இல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு எதிரான மூச்சுப் பரிசோதனை வந்தபோது, காரில் வருகிறவர்களை நம்பியிருந்த கிராமத்துப் பப்புகளுக்கு அடி விழுந்தது. சமையலறையைப் பெருப்பித்தே பல பப்புகள் தப்பின. சட்டமும் வியாபார நெருக்கடியும் சேர்ந்து குடிக்கிற இடத்தைச் சாப்பிடுகிற இடமாக்கின.

இன்னும் பொருத்தமான உதாரணம் அதற்கும் முந்தியது. முதலாம் உலகப் போரில் ஸ்கொட்லாந்து எல்லையில் கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் தொழிலாளர் வந்து குவிந்தார்கள். கையில் கூலி, தங்க இடமில்லை, மாலையில் போக வழியில்லை. பக்கத்து நகரமான கார்லைல் குடியால் திணறியது. 1916இல் அரசு அந்தப் பகுதியின் மதுவகங்களையும் மதுபான ஆலைகளையும் தானே வாங்கிவிட்டது. பழைய தபாலகம் ஒன்றை உணவும் பரிமாறும் மதுவகமாகத் திறந்தது. தேவைக்கு மேலாக இருந்தவற்றை மூடியது. எஞ்சியவற்றில் வெளிச்சம் வைத்தது, கதிரை போட்டது. எல்லாவற்றையும்விடக் கூர்மையான மாற்றம் சம்பளத்தில் வந்தது. முகாமையாளருக்கு மது விற்றதற்குத் தரகு கிடையாது. உணவும் மதுவல்லாத பானமும் விற்றால்தான் மேலதிகக் காசு. குடிக்க வைப்பதில் யாருக்கும் லாபம் இல்லாதபடி கணக்கையே மாற்றினார்கள். போருக்குப் பிறகும் தொடர்ந்த அந்த ஏற்பாடு, தனியாருக்கு விற்கப்பட்டு 1973இல் முடிந்தது. அங்கே பொது உடைமை மதுவகம் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் இங்கே சங்கத் தவறணை கண் திறந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறை தெளிவாகத் தெரிகிறது. கார்லைலில் தொழிலாளிக்குப் பங்கு இல்லை, குடிப்பவனுக்குக் கவனிப்பு இருந்தது. நம்மிடம் தொழிலாளிக்குப் பங்கு உண்டு, குடிப்பவனுக்குக் கவனிப்பு இல்லை. போத்தல் கூட விற்றால்தான் சங்கத்துக்கு வருமானம் என்கிற நிலையில் ஒருவனை "போதும் தம்பி, வீட்டுக்குப் போ" என்று சொல்ல எந்த விற்பனையாளரால் முடியும்? தேவை பெருகும் நாட்களில் கலப்படத்துக்கும் இதே அழுத்தம் வழி திறக்கிறது. சீனியும் இரசாயனமும் கலந்த செயற்கைக் கள்ளு இலங்கையில் புதிய செய்தி அல்ல. உண்மையாக மரம் ஏறுகிறவனின் உழைப்பைத் தரையில் நிற்கிற பீப்பாய் தோற்கடிக்கிறது.

பெண்கள் விடயத்தில் தவறணையின் குறை பழக்கத்தோடு நிற்கவில்லை, சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1979இல் வந்த மதுவரி அறிவித்தல் தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்பதையும் கொடுப்பதையும் தடை செய்தது, மதுவிற்பனை வேலையில் பெண்ணை அமர்த்துவதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப் பெறச் செய்தார். இங்கிலாந்திலும் லண்டன் ஃப்ளீட் வீதியின் எல் வீனோ மதுவகம் பெண்களை முன்மேசையில் நின்று வாங்க விடாமல் வைத்திருந்தது. 1982இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்த்தது. உப்புவெளிக் கடற்கரை விடுதியில் வெளிநாட்டுப் பெண் கணவனோடு இருந்து பியர் குடிக்கலாம். அதே மாவட்டத்துப் பெண் தவறணையில் மீன் பொரித்து விற்கும் வேலைகூட எடுக்கத் தயங்க வேண்டியிருக்கிறது. பெண்கள் குடிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனைவியும் தாயும் சகோதரியும் கால் வைக்க முடியாத இடத்தில் ஆண்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது எல்லா ஊருக்கும் தெரியும். சமையலும் கணக்கும் பெண்கள் கையில் இருந்தால் அந்தக் கொட்டிலின் பேச்சே மாறிவிடும்.

மறுபக்கத்தின் வாதம் வலுவானது, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டமாகச் சொன்னது. நாட்கூலியில் பாதி தவறணையில் கரைந்தால் பிள்ளையின் கொப்பியும் செருப்பும்தான் முதலில் குறைகின்றன. தவறணையை அழகாக்கினால் புதிதாக ஆட்கள் வருவார்கள் என்ற பயம் நியாயமானது. போரில் கணவரை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் இத்தனை பேர் இருக்கிற கிழக்கில், மகனும் குடிக்குப் போய்விடுவானோ என்ற கலக்கத்தை எந்தக் கட்டுரையாளனும் இலேசாக எடுக்க முடியாது.

ஆனால் மூடினால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1987 தொடக்கம் கள் இறக்கத் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில். மென்மையான மரக்கள்ளு சட்டவிரோதமானது, கடுமையான போத்தல் மது அரசாங்கப் பண்டமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இலங்கையில் அந்த இடத்தைக் கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பு பிடித்திருக்கிறது. போயா தினத்தில் எல்லா மதுக்கடைகளும் பூட்டியிருக்கும்போது யார் வீட்டுக் கொல்லையில் எது கிடைக்கும் என்று குடிப்பவனுக்குத் தெரியும். சாராயக் கடைகளோ பெருகித்தான் வருகின்றன. 2024இல் மட்டும் 300க்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப் பத்திரங்கள் வழங்கப்பட்டதாக அந்த டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளிப்பட்டது. அவற்றில் பல, போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே போகச் சொல்கிற கடைகள். அந்தப் போத்தல் கடற்கரையிலோ மதகிலோ திறக்கப்படுகிறது. அங்கே யாரும் யாரையும் தடுப்பதில்லை.

சங்கத் தவறணை இவற்றைவிட நல்லது. இதைத் தயங்காமல் சொல்லலாம். அதைத் திருத்த முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சமையலறை ஒன்று, குடிதண்ணீர், மலசலகூடம், நல்ல வெளிச்சம், கைமரம் வைத்த கதிரை ஆகியவற்றுக்குச் சட்டம் மாற வேண்டியதில்லை, சங்கத்தின் பொதுக்கூட்டம் தீர்மானித்தால் போதும். விற்பனையாளரின் மேலதிகக் கொடுப்பனவைக் கள்ளிலிருந்து எடுத்துச் சாப்பாட்டிலும் கருப்பநீரிலும் வைப்பதும் அங்கத்தவர்கள் கையில்தான் இருக்கிறது. மீனவர் சங்கத்தோடு பேசி அன்றைய மீனை அன்றே எடுக்கலாம். சமையலைப் பெண்கள் குழு எடுப்பதற்கும், கணவனோடு வந்து ஒரு பெண் சாப்பிட்டுவிட்டுப் போவதற்கும் இடம் செய்து கொடுக்க வேண்டும். அதற்கு முன்கை எடுக்க வேண்டியவர்கள் வடக்கு கிழக்கின் கூட்டுறவுச் சங்கங்களும் இந்தப் பிரதேசத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களும்தான்.