பத்து எண்களும் ஒரு பேட்சும்

வந்தவாசிப் போர் நடந்த நாள் 1760 ஜனவரி 22. எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்காருகிறார் என்று வையுங்கள். கணினியில் ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பியைத் திறக்கிறார். தமிழ் அடிக்க அதிலுள்ள ஐட்ரான்ஸ் முறையைத் தேர்ந்துகொள்கிறார். அயர் கூட், லாலி என்று தளபதிகளின் பெயர்களெல்லாம் ஒழுங்காக விழுகின்றன. ஆண்டை அடித்தால் திரையில் ௧௭௬௦ என்று வந்து நிற்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் படிக்க வராது. கோரைப் பாய் வியாபாரி அதே தொகுப்பியில் பில் போட்டு 450 என்று அடித்திருந்தால் ௪௫௦ என்று விழும். வாங்க வந்தவர் விலையை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

2022 ஏப்ரல் 4 அன்று ஈமேக்ஸ் 28.1 வெளிவரும்வரை இதுதான் நிலை. அந்தப் பதிப்பில் ஒரு சின்னத் திருத்தம் சேர்ந்தது. ஐட்ரான்ஸ், இன்ஸ்கிரிப்ட் ஆகிய இரண்டு தமிழ் முறைகளிலும் 1 அடித்தால் இனி 1 தான் வரும். தமிழ் எண்கள்தான் வேண்டும் என்பவர்களுக்கு அதே இரண்டு முறைகளும் ‘டிஜிட்ஸ்’ என்ற வாலோடு தனித்தனிப் பெயரில் பக்கத்திலேயே இருக்கும். விஷயம் இவ்வளவுதான். பேட்ச்களைப் படிக்கும் பழக்கமுள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன், தமிழ்க் கணிமையில் இதைவிடப் பெரிய வேலைகள் நூறு நடந்திருக்கின்றன. இவ்வளவு அழகான சின்ன வேலை அதிகம் இல்லை.

பேட்சைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கோப்பின் பழைய வடிவையும் புதிய வடிவையும் ஒப்பிட்டு, போன வரிகளைக் கழித்தல் குறியோடும் வந்த வரிகளைக் கூட்டல் குறியோடும் காட்டும் தாள் அது. ஒப்பிடும் ‘டிஃப்’ நிரல் 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அந்தத் தாளைக் கோப்பில் தானே ஏற்றிவிடும் ‘பேட்ச்’ நிரலை லாரி வால் 1985இல் எழுதினார். ஊர் பேர் தெரியாத ஒருவர் அனுப்பும் நாலு வரியை இன்னொரு கண்டத்தில் இருப்பவர் படித்து, கேள்வி கேட்டு, ஏற்பதோ திருப்பி அனுப்புவதோ அதன்பிறகு அன்றாட வேலையாகிவிட்டது. இந்த வேலைக்கு ரிவ்யூ என்று பெயர்.

கூட்டல் குறி போட்ட வரிகளை யாரும் படிப்பார்கள். ரசிகனின் கண் முதலில் போவது குறி எதுவும் இல்லாத வரிகளுக்கு. மாற்றத்துக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்று மாறாத வரிகளையும் டிஃப் சேர்த்துக் காட்டும். திருத்தம் எந்தச் சுற்றத்தில் போய் உட்காருகிறது என்பது அங்கேதான் தெரியும். நம்முடைய பேட்சின் சுற்றம் இந்திய மொழிகளின் அட்டவணைகள். தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, தமிழ் என எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: உயிர் ஒரு கட்டம், மெய் ஒரு கட்டம், எண்கள் ஒரு கட்டம். தேவநாகரி எண்கள் அச்சிலும் பலகையிலும் இன்றும் புழங்குகின்றன. அந்தக் கட்டத்தை நிரப்பியது நியாயம். தமிழுக்கும் அதே கட்டம் இருந்ததால் அதுவும் நிரப்பப்பட்டது. ஒருங்குறியில் தமிழ்ச் சுழியத்துக்கு 2005இல் 4.1 பதிப்போடு இடம் கிடைத்தது. அதோடு பத்தும் முழுமை. அட்டவணையைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை வைத்து எழுத உட்காரும் மனிதரைப் பார்த்தால்தான் குறை தெரியும். நிரலில் பிழை என்று ஒன்று இல்லாததால் எந்தச் சோதனை நிரலும் இதைப் பிடித்திருக்காது. தினமும் தமிழில் எழுதும் ஒருவருக்குக் கை இடறினால்தான் உண்டு.

இனிதான் சுவையான இடம். இந்தத் திருத்தத்தை மூன்று விதமாகச் செய்திருக்கலாம். முதல் வழி, எண்களை அடியோடு எடுத்துவிடுவது. சுத்தமாக இருக்கும், ஆனால் ஓலைச்சுவடியைப் படியெடுப்பவர், பழைய பதிப்பின் பக்க எண்களை அப்படியே தர விரும்புபவர், கல்வெட்டில் ௪௱௫௰ என்று கண்டதைக் குறித்துக்கொள்பவர் எல்லோருடைய கையிலிருந்தும் இருந்த கருவியைப் பிடுங்கியதாகும். இரண்டாவது வழி, ‘தமிழ் எண் வேண்டுமா, வேண்டாமா’ என்று அமைப்புகளில் ஒரு சுவிட்ச் வைப்பது. நிரலாளர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. எனக்குப் பிடிக்காது. அந்தச் சுவிட்ச் இருப்பது தெரிந்தவருக்குத்தான் பயன். தெரியாத ஆசிரியர் ௧௭௬௦ஐ வெறித்துப் பார்த்தபடியே இருப்பார். மூன்றாவது வழி, பெரும்பான்மையின் பழக்கத்தை இயல்பாக்கி, சிறுபான்மையின் தேவைக்குத் தனிப் பெயர் கொடுத்து, இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிறுத்துவது. 28.1 அதைத்தான் செய்தது. நிரலில் அது எப்படி இருக்கிறது தெரியுமா? தமிழின் அடிப்படை அட்டவணையில் எண்களுக்கான பத்து இடங்களும் காலி. கட்டத்தை எடுக்கவில்லை, மற்ற மொழிகளோடு அச்சுப் பொருந்த வேண்டுமே. எண்கள் நிரம்பிய அட்டவணை தனியாக இன்னொன்று. அந்தக் காலிப் பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு.

ஆரணியில் பட்டு வாங்கத் தெரிந்த பெரியவர்கள் புடவையை விரித்ததும் முந்தியைப் பார்ப்பதில்லை. திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஜரிகை எங்கே முடிகிறது, அறுந்த இழையை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பேட்சுக்கு அந்த உள்பக்கம் அதோடு வரும் குறிப்பு. ஈமேக்ஸில் இதற்குக் கறாரான மரபு உண்டு. முதல் வரி சுருக்கம். அதன் கடைசியில் முற்றுப்புள்ளி கூடாது. பிறகு எந்தக் கோப்பில் எந்தப் பகுதி மாறியது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஆங்கில வாக்கியங்களுக்கு நடுவே ஒன்றுக்கு இரண்டு இடைவெளி விட வேண்டும். புதிதாக வருகிறவர் நல்ல திருத்தத்தை அனுப்பிவிட்டு, ‘இடைவெளி ஒன்றுதான் இருக்கிறது’ என்ற பதிலைப் படித்துச் சலித்துக்கொள்வது நடக்கிற காரியம். அந்த இரண்டு இடைவெளி விஷயத்தில் நான் புதியவர் பக்கம்தான். மற்றபடி இந்தக் கறாரால்தான் 1985இல் முதல் பதிப்பு கண்ட ஒரு மென்பொருளில், எந்த வரி ஏன் மாறியது என்று இன்றும் தேடிப் பிடிக்க முடிகிறது.

போட்டித் தொகுப்பியான விம்மின் குறிப்பு இன்னும் சிக்கனம். ‘சிக்கல்’ என்று ஒரு வரி, ‘தீர்வு’ என்று ஒரு வரி, முடிந்தது. 2023இல் மறைந்த பிராம் மூலெனார் அந்த வடிவில் ஆயிரக்கணக்கான பேட்ச்களுக்கு எண் போட்டு வெளியிட்டார். குறள் மாதிரி இருக்கும். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அந்த வடிவை விடவில்லை.

தமிழ் எண் திருத்தத்தைப் பற்றிப் பயனர்களுக்கு ஈமேக்ஸ் தந்த அறிவிப்பும் குட்டியானதுதான். என்ன மாறியது, ஏன் மாறியது, பழையபடி வேண்டுமானால் என்ன செய்வது. நடுவில் உள்ள ‘ஏன்’தான் என்னைக் கட்டிப்போட்டது. தமிழ் பேசுகிறவர்கள் இன்று இந்த எண்களைப் பயன்படுத்துவதில்லை, அதனால் மாற்றினோம் என்கிறது அது. தரக் குறியீட்டின் எண்ணையோ ஒருங்குறிப் பக்கத்தையோ சாட்சிக்கு அழைக்கவில்லை. பேசுகிறவர்களின் வழக்கே போதுமான ஆதாரம் என்று ஒரு தொழில்நுட்ப ஆவணம் ஒப்புக்கொள்கிறது. நம் ஊர் அலுவலகப் படிவங்களில்கூட இந்த மரியாதை சுலபத்தில் கிடைப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தத் திருத்தத்தை ஏற்கும் இடத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ் தாய்மொழி அல்ல. ஈமேக்ஸுக்குப் பன்மொழி அடித்தளம் கெனிச்சி ஹாண்டாவும் ஜப்பானில் அவரோடிருந்தவர்களும் கட்டிய மியூல். அது 1997இல் இருபதாம் பதிப்போடு உள்ளே வந்தது. பராமரிப்பாளர்களில் ஒருவரான எலி ஸாரெட்ஸ்கி, வலமிருந்து இடம் போகும் ஹீப்ருவையும் அரபையும் ஒழுங்காகக் காட்டும் வேலையைச் செய்தவர். அது 2012இல் 24.1 பதிப்பில் வெளிவந்தது. தெரியாத மொழிக்கான பேட்சை எடைபோடுவது தனிக் கலை. எழுத்து சரியா என்று அவர்களால் சொல்ல முடியாது. ஆனால் இதை நம்பி யாராவது வேலை செய்துகொண்டிருக்கிறார்களா, அவர்களுக்கு மாற்று உண்டா, அறிவிப்பில் சொல்லியாயிற்றா என்று கேட்க முடியும். இந்த மூன்று கேள்விகளுக்கும் இந்தத் திருத்தத்திடம் பதில் இருக்கிறது. மொழி தெரிந்தவர் ஒருவர் குறையைச் சொல்ல, மொழி தெரியாதவர் விளைவைக் கணக்கிட, இரண்டும் சேரும்போதுதான் இப்படி ஒன்று அமைகிறது. தமிழ் தெரிந்த கூட்டமே உட்கார்ந்திருந்தால் எண்களின் தொன்மையைப் பற்றி ஆறு மாதம் சண்டை போட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

பெரிய பங்களிப்புகளுக்கு ஈமேக்ஸ், பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு எழுதித் தரச் சொல்கிறது. சுமார் பதினைந்து வரிக்கு உட்பட்ட திருத்தத்துக்கு அந்தப் பத்திரமும் வேண்டாம். அன்றாடம் தமிழில் எழுதுகிற, கொஞ்சம் நிரல் படிக்கவும் தெரிந்த வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தத் தொகுப்பியிலாவது தமிழ் அடிக்கும்போது கை இடறினால், அதைப் பழகிக்கொள்ளாதீர்கள். பதினைந்து வரிக்குள் அடங்குமா பாருங்கள், அடங்கினால் அனுப்பிவிடுங்கள்.