ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிடலாமா?

ஒரு மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல அனுமதி பெற்றவரை மற்ற மாநிலங்களும் அனுமதிக்க வேண்டும் என்கிற மசோதா 2025-இல் மீண்டும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2017 டிசம்பரில் இதே நோக்கமுள்ள மசோதா பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்று நிறைவேறி, செனட்டில் முடங்கிப்போனது. ஆதரவாளர்கள் அன்றும் இன்றும் சொல்வது ஒன்றுதான்: ஓட்டுநர் உரிமம் எல்லா மாநிலத்திலும் செல்லும்போது துப்பாக்கி உரிமம் மட்டும் ஏன் செல்லக்கூடாது? கேட்டவுடன் சரியாகப் படும் இந்த ஒப்பீடு அடிப்படையிலேயே பிழையானது.

இன்றைய குழப்பம் கொடுமையானது என்பதை மறுக்க முடியாது. 2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே போலீஸிடம் சொல்லி நியூஜெர்சியில் கைதானார். பென்சில்வேனியா உரிமம் அங்கே செல்லாது என்பது அவருக்குத் தெரியாது. மூன்றரை ஆண்டுக் கட்டாயச் சிறை அவரை எதிர்நோக்கியிருந்தது. 2015-இல் நியூஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். வர்ஜீனியாவோ 2015 டிசம்பரில் 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்து, அடுத்த மாதமே அரசியல் உடன்பாட்டில் பின்வாங்கியது. சட்டத்தை மதிக்க விரும்புகிறவரால்கூட இப்படிப்பட்ட சட்டத்தைப் பின்பற்ற முடியாது.

ஆனால் அதற்கு மருந்து இந்த மசோதா அல்ல.

ஓட்டுநர் உரிமம் எல்லை தாண்டிச் செல்வதற்குக் காரணம், அதற்குப் பின்னால் ஒரு தேர்வு இருப்பதுதான். கண் பார்வை, சாலை விதி, வண்டியோட்டும் திறன் எல்லாம் எந்த மாநிலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் சோதிக்கப்படுகின்றன. கைத்துப்பாக்கிக்கு அப்படிப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. இல்லினாய் 16 மணிநேரப் பயிற்சி கேட்கிறது. வெர்மான்ட் ஒருபோதும் உரிமமே கேட்டதில்லை. டென்னசி 2021-இலும் புளோரிடா 2023-இலும் அந்த வழிக்கு வந்தன; இப்போது 29 மாநிலங்களில் உரிமமின்றியே துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடலாம்.

மசோதா இந்த உரிமமற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. சொந்த மாநிலத்தில் தடையில்லை என்றால் புகைப்பட அடையாள அட்டை போதும். இல்லினாயின் சிகாகோவாசி 16 மணிநேரம் பயின்று, விண்ணப்பித்து, காத்திருக்க வேண்டும். எந்தப் பயிற்சியும் பெறாத டென்னசிக்காரர் அதே தெருவில் அவர் பக்கத்தில் ஆயுதத்தோடு நிற்கலாம். அந்த டென்னசிக்காரரை நிறுத்தும் போலீஸ்காரர் சரிபார்க்க உரிமம் என்று ஒன்று இருக்காது. ஓட்டுநர் உரிமமே இல்லாதவர் நாடெங்கும் வண்டி ஓட்டலாம் என்று எவரும் வாதிடுவதில்லை. இது பரஸ்பர அங்கீகாரமே அல்ல. மிகத் தளர்வான மாநிலத்தின் விதியை, அதற்கு வாக்களிக்காத மாநிலங்களின் மக்கள்மீது சுமத்துவது. நியூயார்க்கின் துப்பாக்கி உரிமக் கெடுபிடியை 2022-இல் ரத்து செய்த உச்ச நீதிமன்றம்கூட, பின்னணிச் சோதனையும் பயிற்சியும் கேட்கும் உரிமமுறைகளைத் தவறென்று சொல்லவில்லை. அந்த நீதிமன்றம் விட்டுவைத்ததை மசோதா வெளியூர்க்காரருக்காக அழிக்கிறது.

குடிபெயர்ந்தவரிடம் வந்தால் ஒப்பீடு முற்றிலும் உடைகிறது. கலிபோர்னியாவில் குடியேறியவர் 10 நாளில் அந்த மாநில ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதாவது ஓட்டுநர் உரிமமே குடியேறிய மாநிலத்தில் என்றென்றைக்கும் செல்லுபடியாவதில்லை. கொண்டுவந்த துப்பாக்கிகளைப் பற்றி மாநில நீதித்துறைக்குத் தெரிவிக்கவோ 60 நாள் அவகாசம் உண்டு. விதி கடுமையானது, ஆனால் தெளிவாக அறிவிக்கப்பட்டது, இணங்க நேரம் தருவது.

பிலடெல்பியாத் தாய்க்கு அந்தத் தெளிவும் அவகாசமும்தான் கிடைக்கவில்லை. 2014-இல் நியூஜெர்சி அரசு, தெரியாமல் தவறிய வெளிமாநில உரிமதாரர்களைச் சிறைக்கு அனுப்பாமல் விடும்படி தன் வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டியது. அந்த விலக்கை நாடு முழுமைக்கும் சட்டமாக்கலாம். பூட்டிய பெட்டியில், தோட்டா நீக்கிய துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடந்து செல்பவருக்கு 1986-இன் கூட்டாட்சிச் சட்டம் தரும் பாதுகாப்பை உறுதியாக்கலாம். இவற்றில் எதற்கும் சிகாகோவின் பயிற்சி விதியைத் தொட வேண்டியதில்லை.